மெரூன் துணி போர்த்திய நடைபாதை

திருப்பூரில் புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்கு யாரும் சாக்குப் போர்த்துவதில்லை. வேறு ஊர்களில் சாக்கோ வைக்கோலோ போடுவார்களாம். எங்களுக்குப் பனியன் துணிதான். கட்டிங் மேசையில் கழிந்த துண்டும், ஓட்டை விழுந்த ரோலும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். பனியன் துணி தண்ணீரைக் குடித்துவிட்டால் லேசில் விடாது. காலையில் ஒரு தடவை நனைத்தால் உச்சி வெயில் வரைக்கும் ஈரம் நிற்கும். போட்ட அன்றைக்குக் கான்கிரீட்டுக்குப் பலமே கிடையாது. பத்து நாள் ஈரத்தில் கிடந்தால்தான் அது கல்லாகும்.

ஆனால் போர்த்துகிற துணி வெள்ளையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாயம் ஏறாத பழுப்புத் துணியாக இருக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முப்பது வருசத்துக்கு மேல் சிமெண்டில் கை வைத்தவளுக்குத் தானாகத் தெரிந்துவிடும். தெரிந்தும் ஒரு தடவை செய்தேன். அதைத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும்.

நான் சித்தாள். மணல் சலிப்பது, கலவைச் சட்டி தூக்குவது, தண்ணீர் விடுவது எல்லாம் சித்தாள் வேலை. கரண்டி பிடித்துப் பூசுகிறவர் கொத்தனார். என்னோடு சட்டி தூக்க வந்த ஆம்பளைகள் இரண்டு மூன்று வருசத்தில் கரண்டி பிடித்தார்கள். பொம்பளை கடைசி வரைக்கும் சித்தாள்தான். சாயங்காலம் அந்தக் கரண்டியைக் கழுவி வைக்கிற வேலை மட்டும் எங்களுக்கு உண்டு.

கழுவிக்கொண்டே நான் பார்த்தது நிறைய. எந்தக் கொத்தனார் அவசரக்காரர், யார் வாட்டம் பார்க்காமல் போட்டுவிட்டு மழை வந்ததும் ஆளை மாற்றிச் சொல்கிறவர், எல்லாம் எனக்குத் தெரியும். அவர்கள் டீக்குப் போகிற நேரத்தில் விட்டுப்போன மூலையை நான் இழுத்து விட்டிருக்கிறேன். திரும்பி வந்து பார்த்து, தாங்களே போட்டதென்று நினைத்துக்கொள்வார்கள். நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கொத்தனார் என்று என்னை ஒருத்தர் நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும் என்று மனதில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பல்லடம் போகிற சாலையில் ஒரு வணிக வளாகம் கட்டினார்கள். கீழே கடைகள், மேலே ஆபீசுகள். முதலாளி தோட்டங்காட்டுக் குடும்பம். இப்போது பனியன் கம்பெனி நடத்துகிறார். வாடகைக்கு விடத்தான் அந்தக் கட்டடம். கட்டடம் முடிந்து, முன்பக்கமும் கிழக்குப் பக்கமும் நடைபாதை போடுவது மட்டும் பாக்கி. நடைபாதை முடிகிற இடத்தில் ரோட்டோரமாக அரையடி உயரத்துக்குக் கான்கிரீட் வரப்பு. எஞ்சினியர் அதைக் கெர்ப் என்பார். நாங்கள் ஓரக்கட்டு என்போம். அந்தப் பகுதியில் பண்டல் ஏற்றுகிற டெம்போக்கள் எங்கே வேண்டுமானாலும் ஏறி நிற்கும். அதனால் ஓரக்கட்டு திடமாக இருக்க வேண்டும் என்று முதலாளி வந்தபோதெல்லாம் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத் தெற்கத்திக் கொத்தனார்கள் இரண்டு பேர் ஊரில் கோயில் கொடை என்று போனவர்கள் திரும்பவில்லை. ஒருவர்தான் இருந்தார். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மேஸ்திரி ரெண்டு நாள் தலையைச் சொறிந்துகொண்டு திரிந்தார். என்னைவிட வயதில் இளையவர். எனக்குக் கீழே சட்டி தூக்கிப் பழகியவர்தான். மூன்றாம் நாள் காலையில் கலவை சுற்றுகிற மில்லர் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, முன்பக்கத்தை நீங்க போடுங்க."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"உங்க கை எனக்குத் தெரியாதுங்களா? கீறல் இல்லாம, தண்ணி தேங்காம வந்துச்சுன்னா அடுத்த வேலையில இருந்து நீங்க கொத்தனாருங்க. எல்லாத்துக்கு முன்னாலயும் நானே சொல்றேன்."

தெற்கத்திக் கொத்தனார் வாயில் இருந்த பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா கொத்தனாராயிட்டா நான் சேலையக் கட்டிக்கிட்டு சட்டி தூக்குதேன்."

"சேலை கெடக்குது, மொதல்ல ஒரு சட்டியத் தூக்கிப் பாரு கண்ணு," என்றேன். "இடுப்பு நிக்குதான்னு பாக்கலாம்."

மில்லர் ஓட்டுகிற பீகார்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் மேலாகச் சிரித்தார்.

அந்த நடைபாதையை நான் போட்ட விதத்தைச் சொல்கிறேன். மண்ணைத் திமிசுக்கட்டையால் குத்தி, தண்ணீர் விட்டு, மறுநாள் திரும்பவும் குத்தினேன். ஒரு நாள் போதும் என்றார் மேஸ்திரி. நான் கேட்கவில்லை. ஜல்லி பரப்பி, பலகை அடித்து, நூல் கட்டினேன். தண்ணீர் கட்டடத்துப் பக்கம் திரும்பாமல் ரோட்டுப் பக்கம் ஓடுகிற மாதிரி வாட்டம் வைத்தேன். கலவையில் தண்ணீர் கூடினால் தள்ளுவதற்கு லேசாக இருக்கும், பின்னால் கீறும். பீகார்க்காரரிடம் கையைக் காட்டிக் காட்டியே தண்ணீரைக் குறைக்க வைத்தேன்.

கொட்டி மட்டம் இழுத்ததும் மேலே தண்ணீர் கசிந்து நிற்கும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தப்புச் செய்வது. அந்தத் தண்ணீரை உறிஞ்சட்டும் என்று வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பார்கள். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். ரெண்டு மழையில் அப்பளம் மாதிரி உரிந்து வரும். கிழக்குப் பக்கத்தில் தெற்கத்திக் கொத்தனார் அப்படித்தான் தூவினார். நான் ஒரு நிழலில் உட்கார்ந்து காத்திருந்தேன். மேஸ்திரி ரெண்டு தடவை வந்து, "என்னங்க்கா, தூக்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கசிவு அடங்கி, கட்டைவிரலால் அழுத்தினால் தடம் லேசாகப் பதிகிற பக்குவம் வந்ததும் எழுந்து மரக்கட்டையால் தேய்த்தேன். வழுக்காமல் இருக்கச் சீமாற்றை ஒரே வாக்கில் இழுத்துக் கோடு போட்டேன். ஆறடிக்கு ஒரு வெட்டு வெட்டி விட்டேன். விரிசல் விட நினைத்தால் அந்த வெட்டுக்குள்ளே விடட்டும் என்று. ஓரக்கட்டின் விளிம்பைக் கையாலேயே உருட்டி விட்டேன். டயர் ஏறினாலும் பொரிந்து உதிராது.

நாலு நாளில் முடித்தேன். வெள்ளைக் கட்டிங் துண்டுகளைப் பரப்பி நனைத்தேன். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்த நடை எனக்கே ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் முதலாளி வந்தார். கடை பார்க்க வந்த ரெண்டு பேரும் கூட இருந்தார்கள். கட்டடத்து முன்னால் கிழிசல் துணி பரப்பிக் கிடந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முகம் கோணிச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

"ஏனுங்கம்மா, நாலு பேர் வந்து போற எடத்துல எதுக்குங்க இந்தக் கிழிசல்? நம்ம கம்பெனியில நல்ல துணியே ரோல் ரோலாச் சும்மா கெடக்குதுங்க. அனுப்பி உடறேன். அதைப் போட்டீங்கன்னா பார்வைக்கும் நல்லா இருக்கும்."

"சாயத்துணி வேண்டாமுங்க முதலாளி. இது போதுமுங்க."

"அட, வெளிநாட்டுக்குப் போற துணிங்க அது," என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

மத்தியானம் துணி வந்தது. மெரூன் கலர். அகலமான, கிழிசல் இல்லாத துணி. இறக்கிய லோடுமேனிடம், இவ்வளவு நல்ல துணியை எதற்குக் கழித்தார்கள் என்று கேட்டேன்.

"சாயம் நிக்கலைன்னு திரும்பி வந்துருச்சுங்க்கா," என்றார்.

ஒரு ஓரத்தைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தேன். உள்ளங்கை சிவந்துபோனது. அந்தக் கையோடு மேஸ்திரியிடம் போய் நீட்டினேன்.

"பாருங்க. இதைப் பச்சைச் சிமெண்டு மேல போட்டா என்னாகும்னு உங்களுக்குச் சொல்லோணுமா?"

அவர் என் கையைப் பார்த்தார். அப்புறம் ரோட்டைப் பார்த்தார்.

"முதலாளி ஆசைப்பட்டுக் குடுத்ததை வேண்டாம்னா நல்லாவா இருக்கும்? போட்டு உடுங்க. லேசாத்தான் ஏறும், வெய்யல்ல போயிரும்."

"போகாதுங்க."

"அக்கா," என்று குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வேலையில கரண்டி புடிக்கோணும்ல நீங்க? இந்த நேரத்துல எதுக்கு முதலாளிகிட்ட எதுத்துப் பேசிட்டு?"

நான் அந்த இடத்தில் முடியாது என்று சொல்லியிருக்கலாம். கணவர் செத்த மூன்றாம் மாதம், கூலிக்காரி என்று ஏளனமாகப் பேசிய ஒரு எஞ்சினியர் முன்னால் சட்டியைப் போட்டுவிட்டு நடந்தவள் நான். பசியோடு நடந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட என்னால் அன்றைக்கு முடியவில்லை. கரண்டி அவ்வளவு பக்கத்தில் இருந்தது. வெள்ளைத் துணியைச் சுருட்டி ஒதுக்கிவிட்டு, மெரூன் துணியை நானே பரப்பினேன். நானே தண்ணீர் விட்டேன். தூரத்தில் இருந்து பார்த்தால் கல்யாண மண்டபத்துக்குக் கம்பளம் விரித்த மாதிரி அழகாகத்தான் இருந்தது. முதலாளி அந்தப் பக்கம் போகிறபோது காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

திறப்பு விழாவுக்கு ரெண்டு நாள் முன்னால் துணியை எடுத்தோம்.

நடைபாதை முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவப்பு. துணி மடிந்த இடங்களில் கருஞ்சிவப்பு. வாசலுக்கு நேர் எதிரே, ரெண்டாவது தூணுக்குப் பக்கத்தில், ஆட்டை அறுத்த இடம் மாதிரி இருந்தது. முதலாளி வந்து நின்றார். அவர் வீட்டு அம்மாவும் கூட வந்திருந்தார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க மேஸ்திரி," என்றார் முதலாளி. "வாசல்ல ரத்தம் தெளிச்சாட்ட இருக்குதுங்களே. நாளானிக்கு விசேசத்தை வெச்சுட்டு இப்புடிப் பண்ணிப்போட்டீங்களே."

நான் கையில் பைப்போடு நின்றிருந்தேன். மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க. இது பொம்பளையாள் போட்டதுங்க. கொத்தனார் கையால போட்டிருந்தா இப்புடி ஆயிருக்காதுங்க."

அந்த நாலு நாளில் எஞ்சினியர் வந்து மட்டம் பார்த்தார், முதலாளி வந்து சீமாற்றுக் கோடுகளை மெச்சினார். அப்போதெல்லாம் யார் போட்டது என்று மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. அந்த வேலை என்னுடையது என்று அவர் நாலு பேர் முன்னால் சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் ஆசைப்பட்டதும் அதற்குத்தானே, நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்றுதானே.

நீங்கள்தானே போடச் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், சாயம் ஏறும் என்று தெரிந்துமா போட்டாய் என்று திருப்பிக் கேட்பார்கள். தெரிந்துதான் போட்டேன். உள்ளங்கையில் அந்தச் சிவப்பு அன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. மூடிக்கொண்டேன்.

மேஸ்திரி ஆசிட் வாங்கி ஊற்றச் சொன்னார். ஆசிட் சாயத்தில் பாதியைத் தின்றது, நான் இழுத்த சீமாற்றுக் கோட்டை முழுசாகத் தின்றது. மிச்சத்துக்கு மேல் பச்சைக் கம்பளம் விரித்து விழாவை நடத்தினார்கள். தெற்கத்திக் கொத்தனார் அன்றைக்கு என்னைக் கேலி செய்யவில்லை. டீ வாங்கி வந்து, "குடிங்கக்கா," என்று மட்டும் சொன்னார். கேலி செய்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வேலை சாமளாபுரத்தில், ஒரு தறிக் குடோனுக்கு முன்னால். நான் என் பையில் புதிதாக வாங்கிய கரண்டியோடு போனேன். எதற்கு எடுத்துப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. மேஸ்திரி பையைப் பார்த்தார்.

"சட்டியை எடுங்க்கா. நேரமாச்சு," என்றார்.

எடுத்தேன். அதற்கப்புறம் ஆறு வருசம் எடுத்தேன், முட்டி ரெண்டும் போகிற வரைக்கும். அவரிடம் பாதி, மற்றவர்களிடம் பாதி. கரண்டியை என் மகள் இப்போது செம்பருத்திச் செடிக்கு மண் கிளற வைத்திருக்கிறாள்.

கிழக்குப் பக்க நடைபாதை ரெண்டாவது மழைக்காலத்தில் உரிந்தது. மூன்றாம் வருசம் அதைப் பேர்த்துவிட்டுப் புளூ கலர் டைல் ஒட்டினார்கள். முன்பக்கம் அப்படியே இருக்கிறது. ஒரு கீறல் கிடையாது. மழைத் தண்ணீர் ஒரு சொட்டு நிற்காது. சிவப்பும் வெயிலில் வெளுத்துப் போய்விட்டது, அந்த ரெண்டாவது தூணுக்குப் பக்கத்தில் ஒரு முறத்தளவு தவிர. அதை யார் போட்டது என்று இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல அங்கே ஆள் இல்லை.

போன மாதம் கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டையைப் புதுப்பிக்கக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் பழைய அட்டையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்ன வேலைன்னு போடட்டுங்கம்மா?"

"கொத்தனார்," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். "இதுல சித்தாள்னு இருக்குதுங்களே. மாத்தோணும்னா, நீங்க கொத்தனார் வேலை செஞ்சீங்கன்னு உங்க மேஸ்திரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணுமுங்க."

அந்த அட்டையில் நான் முதலில் படிக்கப் பழகிய வார்த்தை சித்தாள்தான். என் பெயரை எழுதப் பழகுவதற்கு முன்னாலேயே அதன் உருவம் எனக்குத் தெரியும்.

மேஸ்திரி வீடு அங்கிருந்து ரெண்டு தெரு தள்ளி. சர்க்கரை வந்து ஒரு கால் விரலை எடுத்துவிட்டார்கள், எங்கேயும் போவதில்லை. கேட்டால் கட்டாயம் கையெழுத்துப் போடுவார். உட்காருங்க்கா என்று சொல்லி டீ போடச் சொல்வார். பேனா எழுதவில்லை என்றால் உதறி உதறியாவது போட்டுக் கொடுப்பார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கொத்தனார் என்கிற அந்த வார்த்தைக்காக, மெரூன் துணிக்கு அவர் முன்னால் நான் ஒரு தடவை தலையாட்டியாகிவிட்டது.

"எப்புடிங்கம்மா, வாங்கிட்டு வர்றீங்களா? நான் ஓரமா எடுத்து வெக்கறேன்."

"வேண்டாம் கண்ணு. சித்தாள்னே இருக்கட்டும்."

அவள் ஒரு பட்டனைத் தட்டினாள். காகிதம் வந்தது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அந்த வளாகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்பக்க ஓரக்கட்டு மேல் ஒரு டெம்போ பின் சக்கரத்தை ஏற்றி நிறுத்திப் பண்டல் இறக்கிக்கொண்டிருந்தது. வண்டி நின்றதால் நடைபாதையில் எனக்கு வழியில்லை. இறங்கி ரோட்டோரமாகச் சுற்றிக்கொண்டு போனேன். போகிறபோது குனிந்து சக்கரத்துக்குக் கீழே பார்த்தேன். விளிம்பு பொரியவில்லை.