கோமதி கேட்டது கீர்த்தனை அல்ல

கோமதி எழுந்திருக்கவில்லை என்று செம்பூரிலிருந்து சுனந்தா தொலைபேசியில் சொன்னபோது, "எழுப்பு" என்றேன். சுனந்தா பல ஆண்டுகளாகக் கோமதியின் வீட்டில் வேலை செய்பவள். எழுப்பிப் பார்க்காமல் என்னை அழைத்திருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்னொரு முறை "எழுப்பு" என்றேன். "ஆன்ட்டி, ஆப் ஆவோ" என்று உடனே வரச் சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள்.

மாட்டுங்காவிலிருந்து டாக்ஸி பிடித்துப் போனேன். கதைகளில் வருவதுபோல அந்த அறையில் பாட்டு எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. டேப் ரெக்கார்டரின் மேல் அவள் எப்போதும் போர்த்தி வைக்கும் பூப்போட்ட துண்டு கிடந்தது. ஜன்னலோர அலமாரியில் கேசட்டுகள் வரிசை கலையாமல் இருந்தன. கட்டிலில் கோமதி, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பவளைப் போல, வாயைச் சற்றே திறந்து படுத்திருந்தாள்.

அவளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும். கிங்ஸ் சர்க்கிளில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர்கள், கோமதி கர்நாடக இசையில் தோய்ந்தவள் என்ற எண்ணத்தோடு வீடு திரும்பியிருப்பார்கள். அது உண்மையில்லை. அவள் கேட்டது ராக் இசை. பிறகு, ஆல்டர்நேட்டிவ் என்று சொல்லப்படும் இசை. வேறு எதையும் அவள் விரும்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கச்சேரிக்கு அழைத்தால், "நான் வந்தா தூங்கிடுவேன், உனக்குத்தான் அவமானம்" என்பாள்.

கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். நான் மேலாளரின் ஸ்டெனோ, அவள் சரக்குப் பிரிவில். கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிகள் அலுவலகத்துக்கு வந்து வாசனைச் சோப்பு, சாக்லேட், கேசட் எல்லாம் விற்பார்கள். மற்றப் பெண்கள் சோப்பு வாங்கினார்கள். கோமதி ஒருநாள் ஒரு கேசட் வாங்கினாள். அட்டையில் மழையில் நனைந்த ஒரு நாய் இருந்தது. நாய்க்காகத்தான் வாங்கினாள். மறுநாள் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரி முழுக்க ஒரு ஆள் என்னைத் திட்டினான்டி. அம்மா அப்பாகூட அவ்வளவு அக்கறையாத் திட்டினதில்லை" என்றாள். அந்த ஆல்பம் அன்று முதல் எங்களுக்கு 'ஈர நாய்'.

அப்படியே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தாள். பித்தளைப் பாத்திரங்கள் மாடியிலிருந்து உருண்டு விழுவதுபோல் தாளம் வருவதால் ஒன்று 'பாத்திரக்கடை'. அண்ணன் தம்பிகள் போலத் தோன்றும் நால்வர் சுவரோரம் நிற்கும் அட்டைக்கு 'சம்பந்தி வீட்டார்'. ஒரு பெண் மட்டும் தனியாக, கிட்டத்தட்டப் பேசுவதுபோலப் பாடியது 'வாடகை அறை'. கடைசி வரை கோமதிக்கு மிகவும் பிடித்தது அதுதான். அட்டையில் அச்சிட்ட பெயர்களும் எனக்குத் தெரியும். ஆனால் அவற்றைச் சொல்லி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். பள்ளிப் பாடகர் குழுவில் இருந்தேன். ஒருவர் சுருதி தவறினால் எங்கள் சிஸ்டர் பியானோ மூடியைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுவார். அந்தக் காதோடு 'ஈர நாய்' கேட்க உட்கார்ந்தேன். முதல் பாட்டு முடிந்ததுமே, "இந்த ஆள் சுருதிக்குக் கீழே பாடுகிறான்" என்றேன்.

"தெரிஞ்சேதான் பாடறான்" என்றாள் கோமதி.

"தெரிந்தே ஏன் தப்பாகப் பாட வேண்டும்?"

"மேல போறதுக்குத் தனக்கு யோக்கியதை இல்லேன்னு நெனக்கறான். நீ பாட்டுக்கு மார்க் போடாதே. அவன் என்ன பரீட்சையா எழுதறான்?"

ராக் இசைக்கும் ஆல்டர்நேட்டிவுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். "ராக்னா, கோபம் வந்தா கத்தறது. மத்தது, கோபம் வந்துடுத்தேன்னு வெக்கப்பட்டுண்டே கத்தறது. எனக்கு வயசாக ஆக ரெண்டாவதுதான் ஒத்துக்கறது" என்றாள்.

ஆல்பம் கேட்பதற்கு அவளிடம் கண்டிப்பான விதிகள் இருந்தன. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாகக் கேட்க வேண்டும். பிடித்த பாட்டை மட்டும் ஓட்டிப் போடக்கூடாது. "இலை போட்டு உக்காந்தா ரசத்தை மட்டும் குடிச்சுட்டு எழுந்துப்பியா?" என்பாள். கேசட்டைத் திருப்பிப் போடும் நேரத்தில் பேசவும் கூடாது. கண்டிப்பு எனக்குப் பழக்கம்தான். ஆனால் என்னைவிடக் கண்டிப்பான ஒருத்தியின் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அங்கே மட்டும்தான்.

என் கணவர் இறந்தபோது பலர் வந்தார்கள். பஜனை பாடினார்கள். மனசை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் அமைதியாகவே இருந்தேன். வந்தவர்களுக்குக் காப்பி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காரியங்கள் முடிந்த மறுநாள் கோமதி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"எல்லாரும் உன்னை அமைதியா இரு, அமைதியா இருன்னே சொல்லிண்டிருக்கா. நீ என்னிக்கு அமைதியா இல்லாம இருந்தே? கெளம்பு."

செம்பூர் வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு 'பாத்திரக்கடை'யைப் போட்டாள். அவ்வளவு சத்தமாக அவளே அதுவரை வைத்ததில்லை. தலை வலிக்கிறது என்றேன். "வலிக்கட்டும். வேற எடத்துல வலிக்கறதுக்கு இது தேவலை" என்றாள். கீழ்வீட்டுச் சிந்திக்காரர் மாடியேறி வந்து கதவைத் தட்டினார். கோமதி கதவைக் கொஞ்சமாகத் திறந்து, இது துக்க வீடு என்று இந்தியில் சொல்லிவிட்டு அவர் முகத்திலேயே சாத்தினாள். நான் சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கணவருக்காக நான் அழுதது அன்றுதான். அந்தச் சத்தத்துக்குள் என் அழுகை எனக்கே கேட்கவில்லை. அதனால்தான் அழ முடிந்தது.

பிறகு அவளுக்குக் காது போயிற்று. மெல்லமெல்லப் போனது. காது மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு கேட்டது, இசை கேட்கவில்லை. "தகர டப்பாவுல எலி ஓடறது" என்று மெஷினைக் கழற்றி வைத்துவிடுவாள். ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை. நான் எதிரே உட்கார்ந்து, என்ன வருகிறது என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். உதடு பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

"இப்போ?"

"அடி."

"எந்த மாதிரி அடி?"

"முன்னால் அடித்த மாதிரியேதான்."

"இதுக்குள்ள கிட்டார் வந்திருக்கணுமே?"

"வந்தது. நான் சொல்வதற்குள் போய்விட்டது."

"போய்டுத்தா! எத்தனை தரம் சொல்லியிருக்கேன், முன்னாடியே சொல்லுன்னு. வாயைத் தொறந்து வெச்சுண்டு என்ன பண்ணிண்டிருந்தே?"

அவள் திட்டத் திட்ட நான் கற்றேன். எந்தப் பாட்டில் எப்போது கிட்டார் நுழையும், 'வாடகை அறை'யின் கடைசிப் பாட்டில் அந்தப் பெண் எங்கே மூச்சு வாங்குவாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆயிற்று. நான் கையைத் தூக்குவேன். அவள் முகம் மாறும். அந்த இசை எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். இறந்தவளைப் பற்றி எழுதும்போது பொய் சொல்வது சரியில்லை. எனக்குப் பிடித்தது அந்த முகம்.

இப்போது இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன்.

கோமதி திருமணம் செய்துகொள்ளவில்லை. காரியம் செய்ய அமெரிக்காவிலிருந்து அண்ணன் மகன் வந்தான். நல்ல பையன். அத்தைக்குச் சங்கீதம் என்றால் உயிர் என்று அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அதை அவன், கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த சங்கீத சபாவின் செயலாளரிடம் சொன்னான். பாலக்காட்டுக் குடும்பம், செம்பூர், தனியாக வாழ்ந்த பெண், சங்கீதம் என்றால் உயிர். இதற்கு மேல் எங்கள் ஆட்கள் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் தம்பூரா வைத்திருந்தார்கள். இரண்டு பெண்கள் கீர்த்தனை பாடினார்கள், நன்றாகவே பாடினார்கள். செயலாளர், கோமதி மாமி வாழ்நாள் முழுதும் சேர்த்த அரிய இசைத் தொகுப்பைப் பற்றிப் பேசினார். அந்த உருக்கத்தில் பையன் எழுந்து, அத்தையின் தொகுப்பு முழுவதையும் சபாவுக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். "அது வேறு சங்கீதம்" என்றேன்.

செயலாளர் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு புன்னகைத்தார். "எல்லா சங்கீதமும் ஒண்ணுதானே, மாமி" என்றார். அதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பையனைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ ஆன்ட்டி, மேடையில சொல்லியாச்சே. இப்போ எப்படித் திருப்பிக் கேக்கறது? அங்க யாராவது போட்டுக் கேப்பா, விடுங்கோ" என்றான். அடுத்த நாள் பெட்டிகள் சபாவுக்குப் போயின. அவன் விமானம் ஏறினான். நான் செயலாளருக்குத் தொலைபேசி செய்து, உங்களுக்கு வேண்டாம் என்றால் எனக்குச் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கமிட்டியில் வைத்துச் சொல்கிறேன் என்றார்.

கமிட்டி கூடவில்லை. நவராத்திரி வந்தது. கொலுவுக்கு ஹால் வேண்டியிருந்தது. யாரோ பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு அட்டையில் மண்டையோடு, இன்னொன்றில் அரைகுறை உடையோடு ஓர் ஆண். விசாரிக்க நான் போனபோது செயலாளர் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"ரத்திக்காரன்கிட்ட போட்டுட்டோம் மாமி. அம்மன் உக்கார்ற எடத்துல அதையெல்லாம் எப்படி வெச்சுக்கறது?"

"நான் கேட்டிருந்தேனே."

"நீங்க எதோ மனசு கேக்காம சொல்றேள்னு நெனச்சேன். உங்களுக்கு எதுக்கு மாமி அந்தக் கர்மம்?"

அந்த ரத்திக்காரனின் பழைய பேப்பர் கடையில் விசாரித்தேன். கேசட் என்றால் தாராவிக்குத்தான் போகும் என்று இடம் சொன்னான். அவ்வளவு காலம் மாட்டுங்காவில் இருந்தும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நான் நடந்து போனதில்லை. பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகையில் ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்து ஷாம்பு பாட்டில்களின் மூடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என் புடவையையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, "என்னம்மா தேடுதிய?" என்றாள். திருநெல்வேலிப் பேச்சு. சொன்னேன்.

"கேசட்டா? ஆமா, பொட்டி பொட்டியா வந்துச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் வந்துச்சேன்னு பேசிக்கிட்டோம். அதெல்லாம் மெசின்ல அரைச்சாச்சும்மா."

"எல்லாமேவா?"

"ஓடு மட்டும்தாம்மா அரைபடும். உள்ள இருக்க நாடாவ உருவிப் போட்டுருவோம், அது ஒண்ணுக்கும் ஆவாது." மூலையைக் காட்டினாள். இடுப்புயரத்துக்குப் பழுப்பு நாடா, வாரிக் கழித்த முடியைப் போலச் சிக்கிக் கிடந்தது. "வேணும்னா அள்ளிட்டுப் போங்க. என்ன பாட்டும்மா, சாமி பாட்டா?"

"இல்லை" என்றேன். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். எது 'வாடகை அறை', எது 'ஈர நாய்' என்று நாடாவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அவள் எழுந்து வந்து, "தண்ணி குடிக்கியளா? முகமெல்லாம் ஒரு மாதிரியா இருக்கே" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆல்பங்கள் இன்று கைபேசியிலேயே கிடைக்கும் என்று என் பேத்தி சொல்கிறாள். ஒன்றைப் போட்டும் காட்டினாள். கேட்டேன். சுருதிக்குக் கீழே பாடும் ஒரு ஆள். கிட்டார் வரும் இடத்தில் கையைத் தூக்கினேன். எதிரே அதைப் பார்க்கக் கோமதி இல்லை. எனக்குக் கேட்டது வெறும் இரைச்சல். நிறுத்தச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு கேட்கவில்லை.

போன மாதம் சபாவிலிருந்து கடிதம் வந்தது. பையன் அனுப்பிய நன்கொடையில், வருடந்தோறும் கோமதி பெயரில் குழந்தைகளுக்குக் கீர்த்தனைப் போட்டி வைக்கப்போகிறார்கள். நெருங்கிய தோழி என்பதால் முதல் ஆண்டுப் பரிசை நான் கொடுக்க வேண்டுமாம். முடியாது என்று எழுதிவிட்டேன். ஏன் முடியாது என்றும் ஒரு பக்கம் எழுதினேன். உங்கள் உடல்நலத்துக்குப் பிரார்த்திக்கிறோம் என்று பதில் வந்தது.

கோமதியுடையது என்று என்னிடம் ஒரு கேசட் அட்டைகூட இல்லை. அவள் யாராக இருக்கவில்லை என்பது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஒரு குழந்தை அந்த மேடையில் அழகாகப் பாடும். கோமதி மாமி இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்று யாராவது சொல்வார்கள். நான் இருந்தால், பின்வரிசையிலிருந்து "இல்லை" என்று சொல்வேன். நானும் போன பிறகு, அவள் சந்தோஷப்பட்டதாகத்தான் ஆகிவிடும்.