நான் ஒளித்த பாஸ்போர்ட்

நான் வாழ்க்கையில் செய்த ஒரே திருட்டுக்கு எங்கள் சரித்திர வாத்தியார்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், அவர் பாடம்தான் நடத்தினார்.

மாத்தளை டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு படித்தேன். வீடு, டவுனுக்கு வெளியே ஒரு கொக்கோத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம். ராஜாக்களின் பெயரை ஒப்பிக்காவிட்டால் காதைத் திருகுகிற வாத்தியார், அன்று புத்தகத்தை மூடிவிட்டு, ஜெர்மனியில் யூதர்களுக்கு நடந்ததைச் சொன்னார். முதலில் யார் யார் என்று பெயர் எழுதினார்களாம். பிறகு, இது உங்கள் நாடு இல்லை என்றார்களாம். பிறகு ஆளுக்கொரு பெட்டியோடு ரயிலில் ஏற்றினார்களாம். ரயில் போய் நின்ற இடத்தில் குழந்தைகளைக்கூட உயிரோடு விடவில்லையாம்.

"பாத்துக்கிட்டு இருந்தவங்கள்ல ஒருத்தராவது தடுத்திருக்கணும்" என்று முடித்தார்.

லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான காம்பராவில் அந்த நேரம் அத்தை பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பாவும் அத்தையும் அதே லயத்தில் பிறந்தவர்கள். தோட்டத்துத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டிருந்த காலம் அது. அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. மாமாவோ, ஊரோடு ஒத்து வாழ் என்று, மற்றவர்களைப் பார்த்து இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார். அதனால் அத்தை ஒரே நாளில் இந்தியாக்காரி ஆகிவிட்டாள். அவள் கண்ணால் பார்த்திராத அந்த ஊருக்குச் சனிக்கிழமை ரயில். அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால், எனக்குத் தினமும் தலை பின்னிவிட்டது அத்தைதான். அவளைப் போக விட எனக்கு மனமில்லை.

மறுநாள் காலை அத்தை பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், தகரப் பெட்டியைத் திறந்து, குடும்பப் படம் ஒட்டிய பாஸ்போர்ட்டை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் ரயிலேற விடமாட்டார்கள் என்று மாமா பத்துத் தடவை சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் வரைக்கும் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் திரும்பினால் லயமே தலைகீழாகக் கிடந்தது. அரிசிச் சாக்கைக்கூடக் கொட்டித் தேடியிருந்தார்கள். மாமா தன் மகனைத்தான் சந்தேகப்பட்டார்; இந்தியாவுக்கு வரமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தவன் அவன்தான். விறகுக் கட்டையால் அடித்தார். என்னைவிட ஒரு வயது சின்னவன். நான் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் அடி வாங்கினாலும் குடும்பமே உயிர் தப்புகிறதே என்று இருந்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் அவனால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அதைப் பார்த்த பிறகு என் தைரியம் போய்விட்டது. வகுப்பு முடிந்ததும் பாஸ்போர்ட்டை வாத்தியாரின் மேசையில் வைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். பாராட்டுவார் என்றுகூட ஒரு நப்பாசை. அவர் படத்திலிருந்த முகங்களை வெகுநேரம் பார்த்தார்.

"அது வேற, புள்ள. அங்க கொன்னாங்க. இங்க யாரையும் கொல்ல மாட்டாங்க. அனுப்புறாங்க, அவ்வளவுதான்."

"சத்தியமாவா சேர்?"

"சத்தியமா."

அத்தை எங்கே பிறந்தவள் என்று கேட்டார். எங்கள் லயத்தில்தான் என்றேன். என்னோடு தோட்டம் வரைக்கும் நடந்து வந்து, பாஸ்போர்ட் பாதையில் கிடந்ததாகப் பொய் சொல்லி மாமாவிடம் கொடுத்தார். மாமா காலில் விழாத குறை. அத்தை மட்டும் வாத்தியாரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி. போகிறவர்களும் அழுதார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுதார்கள். அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு மட்டும் மனசு லேசாக இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தைக்கு ஆறுதல் சொன்னேன்.

"அழாதீங்க அத்தை. உங்களை யாரும் கொல்ல மாட்டாங்களாம். சேர் சத்தியம் பண்ணியிருக்காரு."

என் தலையைத் தடவ நீட்டிய கையை இழுத்து அத்தை முகத்தைப் பொத்திக்கொண்டாள். ரயில் நகர்ந்தது. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவேயில்லை. இந்தப் பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்தபடி, கை வலிக்கும்வரை டாட்டா காட்டினேன். கொல்லப் போவதில்லை என்றான பிறகும் எதற்காக இப்படி அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.