பித்தளை வலைமேல் சந்தனம்

ராசிபுரம் போகும் சாலையில் ஓர் எரிசாராய ஆலை இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் என் அக்காவின் கணவர் அங்கே பம்ப் ஓட்டினார். நான் பீப்பாய் கழுவினேன். மதுவிலக்குக் காலம். வேலை முடிந்து வெளியே போகும்போது வாசல்காரர் எங்கள் வாயை முகர்ந்து பார்த்துத்தான் விடுவார்.

பம்பை ஓட்டும் சுவிட்ச் கனத்த வார்ப்பிரும்புப் பெட்டிக்குள் இருந்தது. சாராய ஆவி உள்ளே புகுந்து, சுவிட்சின் தீப்பொறியில் பற்றிக்கொண்டாலும் நெருப்பு வெளியே வரக்கூடாது. அதற்காக மூடியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை வலை, பல மடிப்பாக வைத்திருந்தார்கள். உள்ளே வெடித்தால் அழுத்தம் அதன் வழியாக வெளியேறும்; தீ வலையிலேயே குளிர்ந்து அடங்கிவிடும். பெட்டியைப் பொருத்த வந்தவர் இதை எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார். எல்லோரும் தலையாட்டினோம். மேனேஜரும்தான்.

ஆயுத பூசை வந்தது. மற்ற எந்திரங்களுக்கு முகம் எதுவென்று தெரியாது. இந்தப் பெட்டிக்கு மட்டும் நெற்றி போல அந்தப் பித்தளை வட்டம் பளபளத்தது. மேனேஜர் மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி அதன்மேல் அப்பினார். முதல் பொட்டு வைப்பது அவருடைய உரிமை. பிறகு நாங்கள் குங்குமம் வைத்தோம். மறு வருடமும் அப்படியே. பழைய சந்தனத்தைச் சுரண்ட யாருக்கும் மனம் வரவில்லை, சாமிக்கு வைத்ததாயிற்றே. அது வலைக்குள் இறங்கிக் காய்ந்து கல்லாகிவிட்டது.

ஒரு நாள் காலை மாமா சுவிட்சைப் போட்டார். மூடி பிளந்து பறந்தது. அவருடைய வலது கை மணிக்கட்டோடு போனது.

சென்னையிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்பே மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலருகே நின்று, சந்தனத்தை வைத்தது மாமாதான் என்று அவரே ஒத்துக்கொண்டால் வாசலில் வேலை உண்டு, இல்லையென்றால் தன் கையில் ஒன்றுமில்லை என்றாராம். அக்கா இரண்டு பெண் குழந்தைகளையும் அந்தக் கட்டிலில்தான் உட்கார வைத்திருந்தாள். இதை அப்போது யாரும் என்னிடம் சொல்லவில்லை.

விசாரணையில் அதிகாரி என்னைக் கேட்டார். நாலு பேர் முன்னால் பேசினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு எப்படியோ சொல்லிவிட்டேன்.

"முதப் பொட்டு மேனேஜர் ஐயாதானுங்க வெச்சாருங்க."

அதிகாரி மாமா பக்கம் திரும்பினார். மாமா கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"இல்லீங்க. நாந்தானுங்க வெச்சனுங்க. இவன் பயத்துல ஒளறுறானுங்க."

பக்கத்தில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதுகிறவர் அதை எழுதிக்கொண்டார். நான் சொன்னபோது அவர் பேனா மூடியையே திறக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மாமா சன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "உன்னைய ஆருடா பேசச் சொன்னது? ஊட்டுல சோறு வேணுமா, உண்மை வேணுமா?"

 

வாசல் வேலை கிடைத்தது. பம்ப் ஓட்டிய மனிதர் எங்கள் வாயை முகர்ந்து பார்த்து வெளியே விட்டார். என் முறை வரும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையசைப்பார்.

அடுத்த ஆயுத பூசைக்குப் புதுப் பெட்டி வந்திருந்தது. வலையைத் தொடக்கூடாது என்று பலகை மாட்டியிருந்தார்கள். மேனேஜர் சந்தனக் கிண்ணத்தோடு அதைச் சுற்றிப் போய், நேராக வாசலுக்கு வந்தார். மாமா எழுந்து நின்றார். மேனேஜர் மூன்று விரலால் அள்ளி அவர் நெற்றியில் அப்பினார். எட்டுவதற்கு வசதியாக மாமா குனிந்து கொடுத்தார்.