பத்திக்கிச்சு

தேங்காய் மட்டையை நாலு அடி அடிப்பார் ஐயாசாமி. நிறுத்துவார். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, "பத்திக்கிச்சுன்னா என்னா, பத்த வச்சேன்னா என்னா? நீயே சொல்லு" என்பார். ஜொகூர் பாரு சிறையில் நார் உரிக்கும் கொட்டகைக்கு வந்த தமிழன் எவனும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை.

காஹாங் பக்கத்துத் தோட்டமொன்றில், ரப்பர்த் தகடுகளைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகையில் அடுப்பெரித்தவர். வயது நாற்பத்திரண்டு. இடது புருவத்தில் பாதியை நெருப்பு கொண்டுபோயிருந்தது. 1931இல் ஒரு மத்தியானம் கொட்டகை எரிந்தபோது, மணல் வாளியோடு உள்ளே ஓடிய இவரைத்தான் பிடித்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையை எதிர்த்துப் பேசியிருந்தார். அது போதுமானதாக இருந்தது.

விசாரணையில், "தன்னால பத்திக்கிச்சுங்க" என்றார். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர், "நான்தான் பற்றவைத்தேன்" என்று ஆங்கிலத்தில் சொல்ல, நீதிபதி எழுதிக்கொண்டார். ஐந்து வருடம். சிறையில் சதாசிவம் என்ற முன்னாள் கடைக் குமாஸ்தா தீர்ப்பைப் படித்துச் சொன்னபோதுதான் ஐயாசாமிக்கு விஷயமே தெரிந்தது.

அன்றிலிருந்து தன் பங்குக் கருவாட்டைக் கொடுத்துக் காகிதம் வாங்கினார். சதாசிவம் எழுதினார். முதல் மனு, காலம் கடந்ததென்று திரும்பியது. இரண்டாவதற்கு, கைதியே ஒப்புக்கொண்ட குற்றம் என்று பதில் வந்தது.

தமிழ் வார்டர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்: "தப்புப் பண்ணிட்டேன்னு கருணை மனு போடுய்யா. ஒரு வருசம் கொறையும்."

"செய்யாததுக்கு எதுக்குங்க மன்னிப்பு?"

பார்க்க வந்த மனைவி கருப்பாயியும் கம்பிக்கு அப்பால் நின்று அதையே சொன்னாள். "ஒத்துக்கிட்டு வந்துருங்களேன். நான் ஒண்டியா எத்தன நாளைக்கித்தான் லயத்து வீட்டுல கெடக்கிறது?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை.

ஆனால் தோட்டத்துக்குத் திரும்பிய கருப்பாயி, விசாரணையன்று கோர்ட்டில் உட்கார்ந்திருந்த, தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கனகராஜின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "அவரு தமிழ்ல சொன்னத நீங்க காதால கேட்டீங்கதானே, ஐயா? அத மட்டும் எழுதிக் குடுங்க." மூன்று நாள் நின்றாள். நான்காம் நாள், வேலை போனாலும் போகட்டும் என்று கனகராஜ் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது மனுவோடு அந்தக் கடிதமும் போயிற்று. மேல்நீதிமன்றம் வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து ஐயாசாமியை விசாரித்தது. தண்டனை ரத்தானது. அதற்குள் மூன்று வருடம் கழிந்திருந்தது.

விடுதலையன்று சிறை ஆபீஸ் குமாஸ்தா அவர் கட்டைவிரலில் மை தடவிக் காகிதத்தை நீட்டினார். கதவு திறந்திருந்தது, வெளியே கருப்பாயி நின்றிருந்தாள்.

ஐயாசாமி விரலைக் காகிதத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "இதுல என்னா எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லுங்க."

தமிழ் வார்டர் படித்துச் சொன்னார்.

"இன்னொருவாட்டி" என்றார், விரலை இறக்காமல்.