குழாயை அறுத்தவன்

வேலைக்குப் போன வெளியூரில், வாகட் பகுதி ஃப்ளாட்டில் என்னோடு தங்கியிருந்த கோயம்புத்தூர்க்காரனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. ஒரே கம்பெனி, ஒரே வானப் பைத்தியம். அதை நட்பு என்று நம்பி, இருவரும் சேர்ந்து ஒரு தொலைநோக்கி வாங்கக் கிளம்பினோம்.

எனக்குச் சனியின் வளையம் வேண்டும். அதற்கு நீளக் குழாய் போதும், கண்ணை வைத்துப் பார்த்துக்கொள்வேன். அவனுக்கு நட்சத்திரங்களுக்கு நடுவே மங்கலாக ஒளிரும் நெபுலாவைப் படமெடுத்து ஆபீஸ் திரையில் போட வேண்டும். அதற்குக் குட்டையான லென்ஸ் தொலைநோக்கி, நட்சத்திரத்தோடு கூடவே நகரும் மோட்டார் ஸ்டாண்டு. சுற்றிலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இந்த விளக்கிலும் சிமென்ட் தூசியிலும் உனக்கு என்ன நெபுலா என்றேன். சனிதான் இன்டர்நெட்டிலேயே கிடக்கிறதே என்றான். மழைக்காலம் முழுக்க மேகத்துக்குக் கீழே உட்கார்ந்து இதையே பேசிக் கசந்தோம். கடைசியில், இரண்டுக்கும் ஆகும் என்று விற்றவர் சத்தியம் செய்த ஒரு தொலைநோக்கியை, குழாயின் அடியில் குழிக் கண்ணாடி வைத்ததை, வாங்கினோம். அப்படி யாராவது சொன்னால் எழுந்து ஓடிவிட வேண்டும்.

குளிர் முடியும்போது, சாயங்காலமே மொட்டை மாடியில் சனியைப் பிடித்தேன். வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே இருட்டு தெரிந்தது. அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி ஒளியைக் குவிக்கும் இடம் குழாய்க்குள்ளேயே நின்றுவிட்டது, கேமராவை அவ்வளவு உள்ளே தள்ள முடியவில்லை. அவன் படம் எல்லாமே வெறும் மங்கல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சினிமாவுக்குப் போன நேரத்தில் தொலைநோக்கியை போசரி தொழிற்பேட்டைக்குத் தூக்கிப்போய், ஒரு பட்டறையில் குழாயின் அடியை அறுத்து, கண்ணாடியை மேலே ஏற்றித் திருகிக் கொண்டுவந்துவிட்டான்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"நாலு வெரல்தானடா அறுத்திருக்கறேன். நீ ஒரு துண்டுக் குழாய் சேத்து மாட்டிக்க."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேண்டாம்னுதான சொல்லுவ."

கண் வைக்கும் இடத்தில் துண்டுக் குழாய் மாட்டினேன். பட்டறைக்காரர்கள் போட்ட ஓட்டை கோணலாக இருந்ததால் கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. எவ்வளவு திருகியும் நேராகவில்லை. சனிக்கு வால் முளைத்திருந்தது. அவன் எடுத்த படத்திலோ கட்டட விளக்கின் மஞ்சள்தான் இருந்தது. அதையும் நெபுலா என்று ஆபீஸில் காட்டிப் பாராட்டு வாங்கினான்.

நான் கோர்படிக்கு அறை மாறினேன். கிளம்பும் நாள், கண்ணாடியைக் கழற்றி லுங்கியில் சுற்றிப் பையில் வைத்தேன். வாசலில் வந்து மறித்தான்.

"கண்ணாடி இல்லாம நான் என்றா பண்றது?"

"துண்டுக் குழாய் சேத்து மாட்டிக்க."

அந்த வருடம் சனி மேற்கே இறங்கியதை இருவருமே பார்க்கவில்லை. பிறகு இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டான். கொடுக்கவில்லை.