மார்கெரித் காக்கவைத்த ஈறு

மார்கெரித்தின் வீட்டில் நோய்கள் இரண்டு வகை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் காரைக்காலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியவை. மற்றதெல்லாம் பிரான்சுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும். அவள் கணவர் ரோழே பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே காப்பீடு இருக்கிறது, மகள் ஏமா இருக்கிறாள். ரோழேயின் முட்டியும் மார்கெரித்தின் கண்புரையும் அப்படித்தான் காத்திருந்து சரியாயின. அதனால் இந்த ஏற்பாட்டில் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ரோழே முகாம் முகாமாக மாறிக்கொண்டிருந்த வருடங்களில் மனை வாங்கியதும் வீடு கட்டியதும் அவள்தான். யாரையும் கேட்டு முடிவெடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. சொன்னதைக் கேட்கும் பழக்கம் ரோழேவுக்கு இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலை, அவர் துப்பிய நுரையில் ரத்தம் இருந்தது. கீழ் முன்பற்களின் ஈறு.

"அந்த எடத்துல பிரஷ்ஷைப் போடாதீங்க. புண்ணைக் கிண்டுனா ஆறுமா? மிச்சத்தை அங்க போயி பாத்துக்கலாம்."

அவர் அப்படியே செய்தார். நுரை வெளுத்தது. குணமாகிவிட்டது என்று மார்கெரித் எடுத்துக்கொண்டாள். ஏமாவுக்கு வேலை மாறியது, பிறகு வீடு மாறியது. பயணம் தள்ளிக்கொண்டே போனது. சென்ற மாதம் முறுக்கைக் கடித்தபோது இரண்டு பற்கள் ஆடின.

பல் மருத்துவர் நௌஷின் எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கினார். "எலும்பு இவ்ளோ கீழ எறங்கிடுச்சு சார்."

"கிருமி தின்னுடுச்சா?" என்றாள் மார்கெரித்.

"அப்படித்தான் எல்லாரும் நெனைக்கிறாங்க. ஈறுல இருக்கிற செல் சும்மா மூடிக்கிட்டு மட்டும் இருக்காதுங்கம்மா. கிருமி வந்து ஒட்டுனதும் அதுக்குத் தெரிஞ்சிடும். வெள்ளை அணுவைக் கூப்பிடும். அதான் ஈறு செவந்து வீங்கி ரத்தம் கசியறது. அழுக்கை எடுத்துட்டா கூப்பிடறது நின்னுடும். விட்டுட்டா வருஷக்கணக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். காப்பாத்த வந்ததே ஈறைக் கெடுக்கும், எலும்பைக் கரைக்கிற செல்லையும் கெளப்பி விட்டுடும். இதுல கிருமியை விட நம்ம ஒடம்பு செஞ்ச சேதம்தான் ஜாஸ்தி." பிறகு ரோழேயிடம் திரும்பினார். "முன்னாடி ரத்தம் வந்திருக்குமே?"

"வந்துச்சு. அந்த எடத்துல பிரஷ் போடுறதை விட்டுட்டேன்."

"யாரு சார் அப்படிச் சொன்னா?"

ரோழே மேலே விளக்கைப் பார்த்தார். "நானாதான்."

மறுக்க ஒரு வாக்கியம் போதும். மார்கெரித் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"ரெண்டு பல்லை எடுத்தாகணும். பக்கத்துல இருக்கிற நாலைக் காப்பாத்தலாம், இன்னிக்கே சுத்தம் பண்ண ஆரம்பிச்சா."

"செப்டம்பர்ல பிரான்சுக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"அதுக்குள்ள அந்த நாலும் ஆடும்," என்றார் நௌஷின்.

அன்றே இரண்டு பல்லையும் எடுத்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள்: "ஏங்க நீங்களா விட்டதாச் சொன்னீங்க?"

"ஒன் பேச்சைக் கேட்டு முப்பத்தஞ்சு வருஷம் ஓடியிருக்கு. போனது ரெண்டு பல்லு. மலிவுதான்."

சிரித்தவர் கையால் வாயை மறைத்துக்கொண்டார். கேலி அவளுக்கு உறைக்கவில்லை, அந்தக் கை உறைத்தது. பிரஷ் வேண்டாமென்று தான் சொன்னது கெட்ட எண்ணத்தில் என்றால் அதை வெறுத்துவிடலாம். அக்கறையில் சொன்னதை என்ன செய்வது?

அடுத்த வாரம் நாற்காலியில் ரோழே சாய்வதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: "டாக்டரம்மா, அன்னிக்கு இவரு சொன்னது பொய். பிரஷ் போடாதீங்கன்னது நான்தான்."

திட்டுக்கு அவள் தயாராக இருந்தாள். நௌஷின் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சரிங்கம்மா. இனிமே நீங்களே பக்கத்துல நின்னு போட வையுங்க. மொதல்ல ரத்தம் வரும், பயப்படாதீங்க. போகப் போகக் கொறையும்."

மறுநாள் காலை ரோழே துப்பினார். வெள்ளைத் தொட்டியில் சிவப்பு. பழக்கப்படி அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மார்கெரித்துக்கு வாய்வரை வந்த சொல் பழையதுதான். அதை விழுங்கினாள்.

"மெதுவா," என்றாள். "அதே எடந்தான். நிறுத்தாதீங்க."