அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு நேயர்

பகலில் நான் ஃபிரிட்ஜ் திருத்துகிறவன். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ் வானொலியில் உலகத்தைத் திருத்துவேன். "அரசியல் ஆய்வாளர்" என்று அறிமுகப்படுத்துவார்கள். எந்த நாடானாலும் என் ஆய்வு ஒன்றுதான்: போர் நிச்சயம். சமாதானம் என்று சொன்னால் ஒருவரும் போன் எடுக்கமாட்டார்கள்.

அன்றைய தலைப்பு அமெரிக்க–ஜப்பான் பாதுகாப்புக் கூட்டு. எங்கள் மகள் கனடியக் கடற்படையில் இருக்கிறாள். தன் கப்பல் அந்த இரண்டு நாட்டுக் கப்பல்களோடும் சேர்ந்து தைவான் நீரிணைப் பக்கம் போகிறது என்று நிகழ்ச்சிக்கு முதல்நாள்தான் சொல்லியிருந்தாள். நாங்கள் வெளியில் மூச்சு விடவில்லை. மனைவி என்னோடும் பேசவில்லை.

மைக்குக்கு முன்னால் வாய் மட்டும் தன்பாட்டில் ஓடியது. குண்டு போட்ட நாடும் குண்டு விழுந்த நாடும் கைகோத்த கதையைச் சொன்னேன். ஜப்பானை யாரும் தாக்கினால் அமெரிக்கா வரும், அதற்காக ஜப்பான் தன் மண்ணில் தளங்கள் கொடுத்திருக்கிறது, சீனாவும் வட கொரியாவும் ஓரடி வைக்கமுன் இதை யோசிக்கவேண்டும் என்றேன்.

"அப்ப அண்ணை, சண்டை வருமோ?" அறிவிப்பாளர் ஆவலாகக் கேட்டார்.

"நிச்சயம்" என்பது பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தண்ணீர் குடித்தேன். பிறகும் குடித்தேன். அவர் பதறிப்போய் ஒரு நேயரைத் தொடர்பில் எடுத்தார்.

"வணக்கம். அஜின்கோர்ட்டிலயிருந்து கதைக்கிறன்."

எங்கள் வீடும் அங்கேதான். என் மனைவி.

"சொல்லுங்கோ அக்கா," என்றார் அறிவிப்பாளர்.

"ஆய்வாளர் ஐயாவிட்டத்தான் கேள்வி." கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் என்னை ஐயா என்றதில்லை. "முந்தித் தங்களுக்குள்ள அடிபட்டவை இப்ப ஒருத்தருக்கொருத்தர் காவல். நல்ல விசயம். அவையோட கூடப் போற மற்ற நாட்டுக் கப்பலுக்கு ஆர் காவல்? அங்க ஏதும் வெடிச்சா உந்தக் கப்பல் விலத்தி வருமோ, நிண்டு அடிபடுமோ?"

அந்த உடன்படிக்கையில் இருப்பவை இரண்டு நாடுகள். எங்கள் பிள்ளை நின்றது மூன்றாவது நாட்டின் கப்பலில். ஹெட்போனுக்குள் மனைவி மூச்சு வாங்குவது கேட்டது.

"எனக்குத் தெரியாது அக்கா." பயத்தில் மனைவியை உலகமறிய அக்கா ஆக்கிவிட்டேன்.

"போன கிழமை கொரியாவில சண்டை நிச்சயம் எண்டு சொன்னியள்?"

"அங்க என்ர பிள்ளை நிக்கேல்லை."

அறிவிப்பாளர் விளம்பரம் போடக் கை நீட்டினார்.

"சரி, வீட்டுக்கு வாங்கோ," என்றாள் அவள். "ஸ்னோ கொட்டுது. பாத்துக் கார் ஓடுங்கோ."